கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறோம்: வீடு, நிலம், குழந்தை விஷயத்தில் சட்டப்படி எனக்கு என்ன உரிமை?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படும். கேட்டவர் 29 வயதுப் பெண், தனியார் பள்ளி ஆசிரியை. கோத்தகிரி அருகே அரவேணுப் பக்கம் வாடகை வீட்டில், 33 வயதுள்ள தன் துணையோடு நான்கு வருடமாக வாழ்கிறார். இவர் இந்து, அவர் கிறிஸ்தவர், இருவருக்கும் முன்னால் கல்யாணம் எதுவும் ஆகவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் கட்டபெட்டுப் பக்கம் 5 சென்ட் இடம் வாங்கினார்கள். இவர் தன் சேமிப்பிலிருந்து 6 லட்சத்தை வங்கி வழியாக அவருக்கு அனுப்பினார், பத்திரம் அவர் பெயரில் மட்டும் பதிவானது. போன மாதம் அவருடைய அண்ணன் வீட்டுக்கு வந்து, ‘நீ யாரு இந்த வீட்டுல?’ என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுக்கார அம்மாவும் கல்யாணச் சான்றிதழ் கேட்கிறாராம். ‘எனக்கு உண்மையிலேயே என்ன உரிமை இருக்கிறது?’ என்பதுதான் கேள்வி.

நீலகிரி நீதிமன்றங்களில் 20 வருடத்துக்கு மேலாக வக்கீலாக இருக்கிறேன், இந்த மாதிரி விஷயங்களோடு வந்த பெண்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் தடுமாறிய இடம் அநேகமாக ஒன்றுதான். உங்களுக்குள் பிரச்சினை வந்து, அவர் அடித்தாலோ வீட்டைவிட்டு விரட்டினாலோ, சட்டம் உங்களை ஏறக்குறைய மனைவியின் இடத்தில் வைத்துப் பார்க்கும். ஆனால் அவர் இறந்துவிட்டால் அதே சட்டத்துக்கு நீங்கள் யாரோ ஒருவர். சொத்து விஷயத்திலும், அவர் உயிரோடு இருக்கும்போதே, நீங்கள் யாரோ ஒருவர்தான். செய்திகளில் ‘சேர்ந்து வாழும் பெண்ணுக்கும் உரிமை உண்டு, உச்ச நீதிமன்றம் தீர்ப்பு’ என்று படித்துவிட்டு எல்லா உரிமையும் தானாக வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வராது. அதனால்தான் உங்கள் கேள்வியில் அண்ணன் வந்து கத்தியதைவிட, அந்த 6 லட்சத்தைப் பார்த்துத்தான் எனக்குக் கவலை வந்தது.

சரி, குற்றமா இல்லையா என்பதை முதலில் முடித்துவிடுவோம். குற்றம் இல்லை. 2010-இல் குஷ்பு வழக்கில், வயது வந்த இருவர் கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வது எந்தச் சட்டப்படியும் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 2018-இல் கேரளத்து நந்தகுமார் வழக்கில் அந்த ஆணுக்குக் கல்யாண வயதான 21 ஆகவில்லை, அப்படியிருந்தும் இருவரும் 18 தாண்டியவர்கள், சேர்ந்து வாழ அவர்களுக்கு உரிமை உண்டு என்றது. 2019 டிசம்பரில், கல்யாணமாகாத ஜோடி தங்கியிருந்தது என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லிக் கோயம்புத்தூரில் ஒரு தங்கும் விடுதியைப் பூட்டியபோது, அப்படித் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்று கேட்டு, விடுதியைத் திறக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறை எடுக்கப் போகும் பிள்ளைகளும் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று, ‘பதிவு செய்யாவிட்டால் ஜெயில்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது உத்தராகண்ட் மாநிலத்துப் பொது சிவில் சட்டம், 2025 ஜனவரியிலிருந்து அங்கே நடைமுறையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அப்படிப் பதிவு எதுவும் கிடையாது.

வீட்டுக்கார அம்மா விஷயம். வீடு கொடுப்பதற்கு முன்னால் ‘கல்யாணமானவர்களுக்கு மட்டும்தான்’ என்று ஒருவர் மறுத்தால் அவரைக் கட்டாயப்படுத்த வழி இல்லை, வருத்தமாக இருந்தாலும் உண்மை அதுதான். ஆனால் குடிவைத்த பிறகு, சான்றிதழ் காட்டவில்லை என்பதற்காக நாளைக்கே காலி செய் என்று சொல்ல முடியாது, தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் முடியாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்யவும் வேண்டும். இப்போதைய ஒப்பந்தம் அவர் பெயரில் மட்டும் இருந்தால், புதுப்பிக்கும்போது இரண்டு பேர் பெயரையும் குடித்தனக்காரர்களாகப் போடச் சொல்லுங்கள். ‘கணவன், மனைவி’ என்று பொய்யாக எழுத வேண்டாம், இரண்டு பேரின் பெயரும் இருந்தாலே போதும்.

அண்ணனுக்கு அந்த வீட்டில் எந்த அதிகாரமும் இல்லை. வந்து மிரட்டினால் 112-க்கு அழைக்கலாம். மிரட்டல் பெரிதானால் ஊட்டியில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, மனு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உறவுக்காரர்களால் ஆபத்து வரும் ஜோடிகளுக்காக மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வைக்க வேண்டும் என்று 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. அந்த வழக்கின் பெயரை மனுவில் குறிப்பிடுங்கள். அதற்கும் மேலே போக வேண்டி வந்தால் நமக்குச் சென்னை உயர் நீதிமன்றம், கொடைக்கானல்காரர்களுக்கு மதுரைக் கிளை.

இப்போது முக்கியமான சட்டத்துக்கு வருகிறேன். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. கல்யாணம் செய்த மனைவியோடு நிறுத்திக்கொள்ளாமல், ‘திருமணத்தின் தன்மை கொண்ட உறவு’ என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து, அதில் இருக்கும் பெண்ணுக்கும் பாதுகாப்புக் கொடுத்தது இந்தச் சட்டம். எந்த மதமாக இருந்தாலும் பொருந்தும். அடித்தால்தான் வன்முறை என்று இல்லை. சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, செலவுக்குத் தராமல் வைத்திருப்பது, உங்கள் பொருளை விற்றுவிடுவது, தினமும் வார்த்தையால் நோகடிப்பது எல்லாமே இதில் வரும். நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் மனுப் போட்டு, வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று உத்தரவு வாங்கலாம், மாதாமாதம் செலவுத் தொகை, மருத்துவச் செலவு, நஷ்டஈடு, குழந்தையின் பொறுப்பு எல்லாம் கேட்கலாம். வாடகை வீடு அவர் பெயரில் இருந்தாலும் சேர்ந்து வாழ்ந்த வீடுதான், சட்டப்படி அல்லாமல் உங்களை வெளியே தள்ள முடியாது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிரிந்து வந்த பிறகும் மனுப் போடலாம், ‘எப்போதாவது ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்திருந்தால்’ போதும் என்றுதான் சட்டம் சொல்கிறது. நீங்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் போடலாம், அம்மா வீடு எங்கேயோ அங்கே.

60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. நடைமுறையில் அப்படி முடிவதை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் மனுவோடு சேர்த்தே இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும், அதைக் கேட்காமல் விட்டுவிட்டு வருடக்கணக்காக அலைந்தவர்கள் உண்டு.

யாருடைய உறவு ‘திருமணத்தின் தன்மை கொண்டது’ என்பதற்கு அளவுகோல் வந்தது நமக்குப் பக்கத்து ஊர் வழக்கில்தான். கோயம்புத்தூர்க் குடும்ப நீதிமன்றத்தில் தொடங்கிய வேலுசாமி, பச்சையம்மாள் வழக்கு, 2010-இல் உச்ச நீதிமன்றம் போய்ச் சேர்ந்தது. நான்கு விஷயம் பார்க்க வேண்டும் என்றார்கள்: ஊர் உலகத்துக்கு முன்னால் கணவன் மனைவி போல நடந்துகொண்டிருக்க வேண்டும், கல்யாண வயது ஆகியிருக்க வேண்டும், வேறு கல்யாணம் இல்லாமல் சட்டப்படி மணந்துகொள்ளத் தகுதியோடு இருக்க வேண்டும், சொந்த விருப்பத்தோடு கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். சனி, ஞாயிறு மட்டும் சந்திப்பதெல்லாம் கணக்கில் வராது. 2013-இல் இந்திரா சர்மா வழக்கில் இதை இன்னும் விரித்து, எத்தனை வருடம், பணத்தைச் சேர்த்து வைத்துச் செலவு செய்தார்களா, வீட்டு வேலைகளை யார் பார்த்தது, குழந்தை உண்டா, சொந்தக்காரர் நண்பர்களிடம் எப்படிப் பழகினார்கள் என்றெல்லாம் பார்க்கச் சொன்னார்கள். ஆனால் அந்த வழக்கில் அந்தப் பெண் தோற்றார். 18 வருடம் சேர்ந்து வாழ்ந்தவர். அந்த ஆணுக்கு மனைவி, பிள்ளைகள் இருப்பது தெரிந்தே வாழ்ந்தார் என்பதால் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கவில்லை. நீதிபதிகளே வருத்தப்பட்டு, இப்படிப்பட்ட பெண்களுக்கு நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவர வேண்டும் என்று எழுதினார்கள், இன்னும் வரவில்லை. முதல் கல்யாணத்தை மறைத்து இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்ட ஆள் விஷயம் வேறு. அவர் தன் பொய்யைக் காட்டியே தப்பிக்க முடியாது, ஜீவனாம்சம் கொடுத்தாக வேண்டும் என்று அதே 2013-இல் பாட்ஷா வழக்கில் தீர்ப்பு வந்தது.

உங்கள் விஷயத்தில் நான்குமே பொருந்தும் என்று நினைக்கிறேன். மதம் வேறு என்பது தடையில்லை, சிறப்புத் திருமணச் சட்டப்படி நீங்கள் மணந்துகொள்ளத் தகுதி உள்ளவர்கள்தானே. பலவீனமான இடம் ஒன்று இருக்கிறது. அவர் வீட்டில் உங்களைப் பற்றி இதுவரை சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாளைக்கு ஒரு வழக்கு என்று வந்தால், ‘அறைத் தோழி மாதிரி வாடகையைப் பகிர்ந்துகொண்டோம், அவ்வளவுதான்’ என்று சொல்லிவிட அது வழி விடும். அதனால் அன்றாட வாழ்க்கையின் தடயங்களைத் தூக்கிப் போடாதீர்கள். வாடகை அனுப்பிய வங்கிப் பதிவு, சமையல் கேஸ் புத்தகம், ஆஸ்பத்திரியில் உடனிருந்தவர் என்று உங்கள் பெயர் எழுதிய சீட்டு, நண்பர்கள் தங்கள் கல்யாணத்துக்கு உங்கள் இரண்டு பேர் பெயரையும் சேர்த்து எழுதி வைத்த பத்திரிகை, பக்கத்து வீட்டு விசேஷத்தில் எடுத்த படம், எல்லாமே ஒருநாள் பேசும். சந்தேகப்பட்டு வாழச் சொல்லவில்லை தங்கச்சி, ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள், அவ்வளவுதான்.

ஜீவனாம்சப் பிரிவு, முன்னே குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125 என்று இருந்தது, 2024 ஜூலை 1-லிருந்து, அதற்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144-ஆவது பிரிவு. அதில் ‘மனைவி’ என்றுதான் இருக்கிறது. நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தால் கல்யாணம் ஆனதாக அனுமானித்துக் கொடுத்த தீர்ப்புகள் உண்டு, ஆனாலும் அந்த வழியில் போனால் கல்யாணம் ஆனதா இல்லையா என்ற சண்டையிலேயே காலம் போய்விடும். குடும்ப வன்முறைச் சட்டத்தில் இன்னும் அதிக நிவாரணமே கிடைக்கும் என்று 2018-இல் லலிதா டோப்போ வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நான் எப்போதும் அந்த வழியைத்தான் சொல்வேன்.

இனி நிலம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பத்திரம் அவர் பெயரில், பணத்தில் ஒரு பகுதி உங்களுடையது. சேர்ந்து வாழ்ந்ததால் அந்த இடத்தில் பாதி உங்களுக்கு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நம் நாட்டில் கல்யாணம் செய்தவர்களுக்கே அப்படிப் பாதிப் பாதி கிடையாது. ‘என் பணத்தில் வாங்கிய இடம், எனக்கும் சொந்தம்’ என்று சிவில் வழக்குப் போட்டால், எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் எடுத்து வீசுவது பினாமிச் சட்டத்தை. ஒருவர் பணம் கொடுத்து, தன் பலனுக்காக இன்னொருவர் பெயரில் சொத்து வாங்கினால் அது பினாமி. மனைவி பெயரிலோ கணவன் பெயரிலோ பிள்ளைகள் பெயரிலோ, கணக்கில் காட்டிய பணத்தில் வாங்கினால் விலக்கு உண்டு. அந்த விலக்குப் பட்டியலில் சேர்ந்து வாழும் துணை இல்லை. அதைவிட மோசம், பினாமி என்று ஆகிவிட்டால் ‘உண்மையான சொந்தக்காரர் நான்தான்’ என்று வழக்குப் போடவே அந்தச் சட்டம் தடை போடுகிறது. காதலித்த இரண்டு பேர் நல்லெண்ணத்தில் செய்ததை இப்படி ஒரு சட்டத்தின் கண்ணால் பார்ப்பது கொடுமையாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கண் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

‘அப்படியென்றால் அன்பளிப்பாகக் கொடுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன்’ என்பீர்கள். அதிலும் சிக்கல். வருமான வரிச் சட்டத்தில் ‘உறவினர்’ என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு, அதிலும் துணை இல்லை. உறவினர் அல்லாதவரிடமிருந்து ஒரு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பு வந்தால் மொத்தத் தொகையும் வாங்கியவரின் வருமானம். அவர் 6 லட்சத்துக்கும் வரி கட்ட வேண்டும், உங்களுக்கோ கொடுத்த பணம் திரும்ப வராது.

மிச்சம் இரண்டு வழி. ஒன்று, கடன். வங்கி வழியாக அனுப்பியது நல்லதாகப் போயிற்று. ‘இன்ன தேதியில் 6 லட்சம் பெற்றுக்கொண்டேன், இன்ன தேதிக்குள் திருப்பித் தருகிறேன்’ என்று அவர் ஒரு கடன் ஒப்பந்தமோ புரோநோட்டோ எழுதிக் கையெழுத்துப் போடட்டும். எழுத்து எதுவும் இல்லாத கடனுக்குப் பணம் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் காலக்கெடு. உங்களுக்கு இரண்டு வருடம் போய்விட்டது. அந்த மூன்று வருடம் முடிவதற்குள் அவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருடம் ஓடும். இரண்டாவது வழி, எனக்கு அதிகம் பிடித்தது, அந்த 6 லட்சத்தையே விலையாகக் காட்டி, இடத்தில் பிரிபடாத பாகத்தை அவர் உங்களுக்குக் கிரையம் எழுதிக் கொடுப்பது. பொதுவாக முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் ஆகும், வழிகாட்டி மதிப்பைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு உள்ள சலுகை உங்களுக்குக் கிடைக்காது, அந்தக் ‘குடும்பம்’ என்ற சொல்லிலும் நீங்கள் இல்லை. ஆனாலும் செலவானால் ஆகட்டும் என்று செய்துவிடுங்கள், வீடு கட்ட ஆரம்பிப்பதற்கு முன்னால். கட்டிடம் எழும்பிவிட்டால் மதிப்பும் ஏறும், பேச்சும் மாறும்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. 1969-ஆம் ஆண்டு ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் மாட்டிக்கிடக்கும் நிலமாக இருந்தால் பட்டாவே கிடையாது, அப்போது மேலே சொன்ன இரண்டாவது வழி உங்களுக்கு இல்லை. கடன் பத்திரம் ஒன்றுதான்.

அடுத்தது சாவு. பேச யாருக்கும் பிடிக்காது, எனக்கும்தான். ஆனால் கூடலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் லைன் வீட்டில் வாழ்ந்த ஒரு அம்மாவை நினைக்காமல் இந்தப் பகுதியை என்னால் எழுத முடியாது. 17 வருடம் ஒருவரோடு வாழ்ந்தவர். அந்த மனிதருக்குக் கீழே சமவெளியில் விவாகரத்து ஆகாத மனைவி, பிரிந்து வெகு காலம். கடைசி இரண்டு வருடம் அவர் நெஞ்சு நோயில் கிடந்தபோது மருந்து, கஞ்சி, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி அலைச்சல் எல்லாம் இந்த அம்மாதான். அவர் போன பிறகு பி.எஃப்., பணிக்கொடை இரண்டும் சட்டப்படியான மனைவிக்குப் போயின. லைன் வீடு வேலைக்காகக் கொடுத்தது, வேலைக்காரர் இல்லையென்றால் வீடும் இல்லை. காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் இந்த அம்மாவின் பெயர் இல்லை, இருக்கவும் முடியாது. என்னால் வாங்கிக் கொடுக்க முடிந்தது, அஞ்சலகத்தில் அந்த மனிதர் இவரை நாமினியாகப் போட்டிருந்த ஒரு சின்னச் சேமிப்புத் தொகையை மட்டும்தான். எப்போதோ ஒரு நாள் யோசித்து அவர் ஒரு படிவத்தில் எழுதிய அந்தப் பெயர்தான் 17 வருடத்தில் இந்த அம்மாவுக்கு மிஞ்சியது.

உங்கள் துணைக்கு மனைவி இல்லை என்பது நல்லது, ஆனால் அப்பா, அம்மா, அண்ணன் இருக்கிறார்கள். உயில் இல்லாமல் அவருக்கு ஏதாவது ஆனால், கிறிஸ்தவர்களுக்கான வாரிசுச் சட்டப்படி கட்டபெட்டு இடம் அவருடைய அப்பாவுக்குப் போகும், உங்களுக்கு ஒரு சென்ட்கூட வராது. இருவருமே உயில் எழுதுங்கள். முத்திரைத் தாள் வேண்டாம், வெள்ளைத் தாளே போதும், இரண்டு சாட்சிகள் நேரில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். பலன் பெறுகிற நீங்களே சாட்சியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் உங்கள் மாதிரி குடும்பம் எதிர்க்க வாய்ப்புள்ள விஷயத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுவதுதான் நல்லது. முக்கியமாக, அவர் கிறிஸ்தவர் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும்: இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி ஒரு கிறிஸ்தவர் உயில் எழுதிவிட்டுப் பிறகு கல்யாணம் செய்தால், அந்தக் கல்யாணத்தாலேயே பழைய உயில் ரத்தாகிவிடும். உங்களையே மணந்தாலும் ரத்துதான், மறுநாள் புதிதாக எழுத வேண்டும். இந்துக்களுக்கு இந்த விதி இல்லை. இது தெரியாமல் உயில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

நாமினி போட்டால் போதாதா என்று கேட்பார்கள். வங்கியில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள், சொந்தக்காரர் அல்ல, வாரிசுகள் கேட்டால் கொடுக்க வேண்டியவர். ஆயுள் காப்பீட்டில் 2015-க்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம், துணைக்கு அந்தச் சலுகை இல்லை. ஆக நாமினியும் வேண்டும், அதே தொகையை உங்களுக்கே என்று சொல்லும் உயிலும் வேண்டும். பி.எஃப்.-இல் மனைவி, பிள்ளைகள், தன்னை நம்பியிருக்கும் பெற்றோர் இருந்தால் வெளியாள் பெயரைப் போட்டாலும் செல்லாது.

ஆஸ்பத்திரியில் ‘நீங்கள் யார்?’ என்று கேட்டுக் கையெழுத்து வாங்க மறுப்பது உண்டு. மலையிலிருந்து ராத்திரியில் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே நின்று வாதாடிக்கொண்டிருக்க முடியாது. நினைவு தப்பிய நிலையில் தன் சார்பில் சிகிச்சை பற்றி யார் முடிவு சொல்ல வேண்டும் என்று எழுதி வைக்கும் மருத்துவ முன்விருப்ப ஆவணத்தை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது, 2023-இல் அதை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி முன்னால் கையெழுத்திட்டால் போதும் என்றது. அது உயிர் காக்கும் சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற கட்டத்துக்கு உரியது என்றாலும், அதில் உங்கள் பெயர் இருப்பதே ஒரு ஆதாரம். பவர் பத்திரம் எழுதி வைத்திருந்தால் அது உயிரோடு இருக்கும்வரைதான், இறந்த நிமிடத்தில் முடிந்தது. கொண்டை ஊசி வளைவில் விபத்து என்று வந்தால், மோட்டார் வாகன நஷ்டஈடு கேட்கும் ‘சட்டப் பிரதிநிதி’ என்ற சொல்லைக் கொஞ்சம் பரந்த மனதோடு பார்க்கிறார்கள். இறந்தவரின் வருமானத்தை நம்பியிருந்த மாமியாரையே 2021-இல் ஜெயஸ்ரீ வழக்கில் ஏற்றார்கள். துணைக்கும் அந்த வாதத்தை வைக்கலாம், ஆனால் நிரூபிக்க மேலே சொன்ன ஃபைல் வேண்டும்.

குழந்தை பிறந்தால்? குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. செலவுத் தொகை விஷயத்தில் அப்படித்தான், பெற்றோருக்குக் கல்யாணம் ஆகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்பா கொடுத்தாக வேண்டும், 144-ஆவது பிரிவே சொல்கிறது. 2015-இல் ஒரு கிறிஸ்தவத் தாய் தொடுத்த வழக்கில், கல்யாணமாகாத தாய் அப்பாவின் பெயரைச் சொல்லாமலே தனியாகக் காப்பாளர் ஆகலாம், பிறப்புச் சான்றிதழுக்குத் தாயின் பிரமாணப் பத்திரம் போதும் என்று தீர்ப்பானது. ஆனால் அப்பாவின் சொத்து என்று வரும்போது இந்து, கிறிஸ்தவர் என்று பிரிகிறது. இந்துக்களில் பல வருடம் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களின் பிள்ளைகளைக் கல்யாணத்தில் பிறந்தவர்களாகவே அனுமானித்த தீர்ப்புகள், நம் தமிழ்நாட்டுச் சுருட்டையன் வழக்கு உட்பட, இருக்கின்றன. உங்கள் துணையின் வாரிசுரிமைச் சட்டத்தில் அந்த நம்பிக்கையில் இருக்க முடியாது. பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயரைச் சேருங்கள், உயிலில் குழந்தையின் பெயரைச் சேருங்கள். தத்தெடுக்க நினைத்தால் ஜோடியாக எடுக்க முடியாது, இரண்டு வருடத் திருமண வாழ்க்கை கேட்பார்கள். வாடகைத் தாய் வழியும் கிடையாது. இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்ற நிலை வந்தால், கல்யாணம் ஆகவில்லை என்பதைக் காட்டிக் கருக்கலைப்பை மறுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

உங்கள் துணை இதைப் படித்தால் அவருக்கும் சொல்ல இருக்கிறது. குடும்ப வன்முறைச் சட்டப்படி மனுப் போடும் உரிமை பெண்ணுக்கு மட்டும்தான், ஆணுக்கு அந்தக் கதவு இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 69-ஆவது பிரிவு, நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கல்யாணம் செய்வதாகச் சொல்லி உறவு வைத்தால் 10 வருடம் வரை சிறை என்கிறது. முதலிலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா, அல்லது உண்மையாக நினைத்துப் பிறகு நடக்காமல் போனதா என்று நீதிமன்றங்கள் பிரித்துப் பார்க்கின்றன, 2019-இல் பிரமோத் பவார் வழக்கில் அதை விளக்கியிருக்கிறார்கள். கல்யாணம் செய்யப்போவதில்லை என்பது இருவரின் முடிவென்றால் அது இருவருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்கட்டும். ‘பாக்கலாம், பாக்கலாம்’ என்று நான்கு வருடம் ஓட்டுவது உங்களுக்கும் நியாயமில்லை, அவருக்கும் ஆபத்து.

கல்யாணம் செய்யத் தோன்றினால், அண்ணனின் கோபத்தைத் தணிக்க அவசரமாகக் கோயிலில் தாலி கட்டிக்கொள்ளாதீர்கள். சுயமரியாதைத் திருமணம் செய்யலாம் என்று யாராவது சொல்வார்கள், அது இருவரும் இந்துக்களாக இருந்தால்தான். இந்துவும் கிறிஸ்தவரும் இந்து முறையில் செய்த கல்யாணம் செல்லாது என்று 2008-இல் சௌரி ராஜ், பவானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்களுக்கு வழி 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம், பதிவாளரிடம் மனுக் கொடுத்து 30 நாள் அறிவிப்பு, மூன்று சாட்சி. அல்லது கிறிஸ்தவத் திருமணச் சட்டம், அதில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தால் போதும், நீங்கள் மதம் மாறத் தேவையில்லை. இரண்டில் எதைச் செய்தாலும் மேலே சொன்ன பினாமி, வரி, வாரிசுச் சிக்கல்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு உங்களை அண்டாது.

ஒரு விஷயம், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். இங்கே இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் குடும்பங்களைப் பார்த்து ‘அவங்கல்லாம் கல்யாணமே பண்ணாம சேர்ந்து வாழறவங்க’ என்று சிலர் பேசுவது எனக்குக் கோபத்தை வரவழைக்கும். இந்து திருமணச் சட்டம் பட்டியல் பழங்குடிகளுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. அவர்கள் வழக்கப்படி நடந்தால் அது முழுக் கல்யாணம். சான்றிதழ் இல்லை என்று உதவித்தொகையை மறுத்தால் சண்டை போட வேண்டிய விஷயம் அது.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச வக்கீல் உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி. 15100-க்கு அழைத்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு வழி சொல்வார்கள், வன்முறை என்றால் 181. குடும்ப வன்முறைச் சட்டப்படி மனுப் போட உதவும் பாதுகாப்பு அலுவலரை ஊட்டியில் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பார்க்கலாம். இந்த வாரமே 6 லட்சம் போன தேதியின் வங்கி அறிக்கையை அச்செடுங்கள், கட்டபெட்டு இடத்தின் பத்திர நகலையும் வில்லங்கச் சான்றையும் எடுங்கள், இரண்டு பேருமாக உட்கார்ந்து பாகமா, கடனா என்று முடிவு செய்யுங்கள். மூன்றாவது வருடம் முடிய இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று அந்த வங்கி அறிக்கையைப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.